தொலைதூரத் தீவுகளில் பெருமீன் வேட்டை: சான் டியேகோ நெடும்பயணங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெற்குக் கலிஃபோர்னியாவுக்கு வேலைக்கு வரும் தமிழர்களில் தூண்டில் ஆசை உள்ளவர்கள் சிலராவது உண்டு. துறைமுகத்தில் கட்டி நிற்கும் பெரிய வெள்ளைக் கப்பல்களைப் பார்த்துவிட்டு அவர்கள் கேட்கும் கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே ஒன்றாக எழுதிவைக்கிறேன்.

நெடும்பயணத் தூண்டில் என்றால் என்ன?

காலையில் போய் மாலையில் திரும்பும் படகுச் சவாரி அல்ல இது. சான் டியேகோவின் பாயிண்ட் லோமா துறையிலிருந்து புறப்பட்டு, மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா தீபகற்பத்துக்கு மேற்கே, ஆளில்லாத தீவுகளுக்கும் கடலுக்கடியில் இருக்கும் மலைகளுக்கும் போய்வரும் பயணம். ஐந்து நாளும் இருக்கலாம், பதினாறு நாளும் இருக்கலாம், அதற்கு மேலும் போகலாம். கப்பல்கள் ஏறத்தாழ 90 முதல் 124 அடி நீளம். இருபது முப்பது பேர் தூண்டில் போடுவார்கள். மாலுமிகளும் சமையற்காரர்களும் தனி. வழியில் எந்தத் துறைமுகத்திலும் இறங்குவதில்லை. எரிபொருள், சாப்பாடு, உயிருள்ள இரைமீன், பிடித்த மீனைக் குளிர்த்துவைக்கும் தொட்டி என்று எல்லாமே கப்பலில் இருந்தாக வேண்டும்.

உலகத்தில் வேறு இடங்களிலும் பெருமீன் தூண்டில் உண்டு. ஹவாயிலும் ஆஸ்திரேலியாவிலும் நாலைந்து பேர் சிறு படகை வாடகைக்கு எடுத்து, நாற்காலியில் உட்கார்ந்து மார்லின் என்ற கூர்மூக்குப் பெருமீனோடு மல்லுக்கட்டுவார்கள். சான் டியேகோ முறையில் நாற்காலி கிடையாது. தளத்தில் நின்றபடியே, கப்பலைச் சுற்றி நடந்தபடியே நூறு கிலோ மீனை இழுக்க வேண்டும். பக்கத்தில் இன்னும் இருபது பேர் அதே வேலையில் இருப்பார்கள். அந்த நெருக்கடியில் ஒருவர் தூண்டில் நரம்பு இன்னொருவர் நரம்போடு சிக்காமல் மீனைக் கொண்டுவருவதுதான் இந்த முறையின் தனிக்கலை.

ஏன் இது சான் டியேகோவில் வளர்ந்தது?

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்த ஊர் சூரைமீன் தொழிலின் தலைநகரம். போர்த்துக்கீசிய, இத்தாலிய, ஜப்பானியக் குடும்பங்கள் மூங்கில் கழியோடு தெற்கே போய், தொட்டியில் கொண்டுபோன உயிர்மத்தியைக் கடலில் வீசி, மேலே வரும் சூரையைக் கழியால் தூக்கித் தளத்தில் போடுவார்கள். மீன் பெரிதாக இருந்தால் ஒரே தூண்டிலுக்கு இரண்டு கழி, மூன்று கழி கட்டி இரண்டு மூன்று பேர் சேர்ந்து தூக்குவார்கள். மினிக்காயிலும் மாலத்தீவிலும் மாசிக் கருவாட்டுக்கு வேண்டிய சூரையைப் பிடிக்கும் முறையும் இதுதான். இரண்டு பெருங்கடல்களில் ஒரே வேலை நடந்திருக்கிறது.

1950களின் இறுதியில் தொழில் படகுகள் கழியை விட்டுப் பெருவலைக்கு மாறின. ஆனால் உயிரிரையைப் பல நாள் காப்பாற்றும் அறிவும், தெற்குத் தீவுகளின் வழியும் ஊரில் தங்கிவிட்டன. பில் பூல் போன்ற கப்பல் தலைவர்கள் அந்த அறிவைப் பொழுதுபோக்குத் தூண்டில்காரர்களுக்காகத் திருப்பினார்கள். அவர் கட்டிய 'ராயல் போலாரிஸ்' என்ற கப்பலின் பெயரைக் கீழே இன்னொரு முறை சொல்ல வேண்டியிருக்கும்.

தூண்டில் விளையாட்டின் அமைப்பு வடிவமும் இந்தக் கரையில்தான் தொடங்கியது. 1898இல் சார்லஸ் ஃபிரெடெரிக் ஹோல்டர் கட்டலினா தீவருகே 183 பவுண்டு நீலத்துடுப்புச் சூரையை ராடும் ரீலும் கொண்டு பிடித்தார். அதே ஆண்டு அந்தத் தீவின் அவாலன் ஊரில் சூரைக் கழகம் உருவானது. மெல்லிய நரம்பில், மீனுக்கும் வாய்ப்பு கொடுத்துப் பிடிப்பதே முறை என்று அவர்கள் வகுத்தார்கள். உலகச் சாதனைகளைப் பதிவுசெய்யும் சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கம், அதாவது ஐஜிஎஃப்ஏ, 1939இல் பிறந்தது.

எந்தெந்த இடங்களுக்குப் போகிறார்கள்?

முதலில் குவாதலூப்பே தீவு. தெற்கே சுமார் 220 கடல் மைல், ஒரு நாள் ஓட்டம். செங்குத்தான எரிமலைப் பாறை, சுற்றிலும் தெளிந்த நீர். வெள்ளைச்சுறாவுக்குப் பேர்போன இடம். 2005 முதல் உயிர்க்கோளக் காப்பகம், விதிகள் அவ்வப்போது இறுகுகின்றன. சுறா பார்க்கும் சுற்றுலாவையே மெக்சிகோ 2023 தொடக்கத்தில் நிறுத்திவிட்டது. ஆகவே இந்தத் தீவை மனத்தில் வைத்துப் பயணம் பதிவு செய்பவர்கள் அந்த ஆண்டின் நிலையைக் கப்பல் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்தது அலிஹோஸ் பாறைகள். ஏறத்தாழ இரண்டு நாள் ஓட்டம். நடுக்கடலில் சில பாறை முனைகள், உயரமானது 34 மீட்டர். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அதைச் சுற்றி யெல்லோடெயில் என்ற பாரை வகை மீன், மஞ்சள்துடுப்புச் சூரை, வஞ்சிரத்தின் உறவான வாஹூ மூன்றும் கிடைக்கும். எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான்.

இன்னும் தெற்கே ரெவியாஹிஹேடோ தீவுகள்: சோக்கோரோ, சான் பெனடிக்டோ, கிளாரியன், ரோக்கா பார்ட்டிடா. அங்கே இப்போது தூண்டில் போட முடியாது, காரணத்தைப் பிறகு சொல்கிறேன். கிளாரியனுக்குத் தென்மேற்கே ஹரிக்கேன் பேங்க். நீருக்கு மேல் ஒன்றுமே தெரியாத கடலடி மலை. சான் டியேகோவிலிருந்து ஏறத்தாழ 950 கடல் மைல். மணிக்குப் பத்து கடல் மைல் வேகத்தில் நாலு பகல் நாலு இரவு. அதற்கும் அப்பால் பிரான்சுக்குச் சொந்தமான கிளிப்பர்ட்டன் பவளத்தீவு, போவதற்கே ஆறு நாள் ஆகும். அங்கே போகிறவர்கள் மிகக் குறைவு.

தீவைச் சுற்றி மட்டும் ஏன் அவ்வளவு பெரிய மீன்?

திறந்த கடலின் பெரும்பகுதி ஏழ்மையான நீர். ஆழத்தில் சத்து இருக்கிறது, வெளிச்சம் இல்லை. மேலே வெளிச்சம் இருக்கிறது, சத்து இல்லை. நீரோட்டம் ஒரு மலைமீது மோதும்போது ஆழத்து நீர் மேலே தள்ளப்படுகிறது, இரண்டும் சந்திக்கின்றன. நுண்ணுயிர் பெருகுகிறது, அதைத் தின்னச் சிறுமீனும் கணவாயும் பறக்கும் கோலாமீனும் கூடுகின்றன, அவற்றைத் தின்னச் சூரை வருகிறது. நீரோட்டம் மோதுகிற பக்கத்தில்தான் மீன் நிற்கும். நல்ல கப்பல் தலைவர் நங்கூரம் போடுவதற்கு முன்னால் நெடுநேரம் சுற்றிச் சுற்றி ஓட்டிப் பார்ப்பதும் அதற்காகவே. நீரோட்டம் விடாமல் ஓடினால் மீன் கடிக்கும், அது நின்றால் கடி நின்றுவிடும்.

இன்னொரு காரணம் வெறும் தூரம். யாரும் எளிதில் போக முடியாத இடத்தில் மீன் வளர நேரம் கிடைத்தது. குவாதலூப்பேயின் யானைச்சீல்கள் கதை இதற்குச் சாட்சி. எண்ணெய்க்காக வேட்டையாடி எங்கும் அழித்துவிட்ட பிறகு, அந்தத் தீவின் ஒதுக்குப்புறக் கரை ஒன்றில் மட்டும் ஒரு சிறு கூட்டம் மிஞ்சியது. 1892இல் ஒரு அருங்காட்சியகக் குழு அங்கே போய் எட்டைக் கண்டு ஏழைக் கொன்றது! தப்பியவற்றின் வழித்தோன்றல்கள்தான் இன்று கலிஃபோர்னியாக் கரையெங்கும் படுத்துக் கிடப்பவை. 1922இல் மெக்சிகோ தீவைக் காப்பிடமாக அறிவித்தது. அதுவரை காவல் காத்தது தூரம் ஒன்றுதான்.

ரெவியாஹிஹேடோ ஏன் மூடப்பட்டது? அது நியாயமா?

1977 ஏப்ரலில், சான் பெனடிக்டோ தீவருகே, 'ராயல் போலாரிஸ்' கப்பலில் இருந்து கர்ட் வீசன்ஹட்டர் 388 பவுண்டு 12 அவுன்ஸ் எடையுள்ள மஞ்சள்துடுப்புச் சூரையைப் பிடித்தார். அந்த உலகச் சாதனை 33 ஆண்டுகள் நின்றது. பெருஞ்சூரை என்றால் இந்தத் தீவுகள் என்று தலைமுறை தலைமுறையாகப் பேச்சு அப்படித்தான் வந்தது.

இந்தத் தீவுகளை 1994இல் மெக்சிகோ உயிர்க்கோளக் காப்பகமாக்கியது. 2016இல் யுனெஸ்கோ உலக மரபிடமாக ஏற்றது. 2017 நவம்பரில் அது ஏறத்தாழ 1.48 கோடி ஹெக்டேர் பரப்புள்ள தேசியப் பூங்காவாகி, எல்லா வகை மீன்பிடியும் தடைசெய்யப்பட்டது. வலைக்கும் தடை, தூண்டிலுக்கும் தடை.

துறையில் இன்றும் இதைப் பற்றிக் கசப்பாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு தூண்டில், ஒரு மீன் என்று பிடிக்கிற எங்களையும் ஆயிரம் டன் அள்ளுகிற வலைக்கப்பலையும் ஒரே தட்டில் வைப்பதா என்பது அவர்கள் கேள்வி. அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் மூடியது சரி என்றே நினைக்கிறேன். ஒரு காலத்தில் அந்தத் தீவுகளைக் காத்த தூரத்தை நம் இயந்திரங்களும், குளிர்தொட்டிகளும், செயற்கைக்கோள் வரைபடங்களும் இல்லாமல் செய்துவிட்டன. தூரம் செய்த வேலையை இனி சட்டம் செய்தாக வேண்டும். சூரை ஓடுகிற மீன், பூங்காவுக்குள் கொழுத்து வெளியே வரும். மூடியதால் மெக்சிகோவின் தொழில் படகுகளின் பிடிப்பு குறையவில்லை என்று 2023இல் வெளியான ஓர் ஆய்வும் சொன்னது. பெருஞ்சூரை தேடும் நம் கப்பல்கள் ஹரிக்கேன் பேங்குக்கு மாறின, அங்கே நல்ல மீன் வந்துகொண்டுதான் இருக்கிறது.

சான் பெனடிக்டோ இன்னொரு வகையிலும் மறக்க முடியாதது. 1952 ஆகஸ்ட் முதல் தேதி, அங்கே இருந்த ஒரு சூரைப்படகின் ஆட்கள் கண்ணெதிரே பார்சேனா எரிமலை புதிதாகப் பிறந்தது. தீவு சாம்பலில் புதைந்தது. அந்தத் தீவில் மட்டுமே வாழ்ந்த சிறு குருவித் துணையினம் ஒன்று அத்தோடு அற்றுப்போனது.

எந்தப் பருவத்தில் போகலாம்?

கோடையிலும் இலையுதிர் காலத்திலும் ஐந்து முதல் எட்டு நாள் பயணங்கள்: யெல்லோடெயில், நீலத்துடுப்பு, நடுத்தர மஞ்சள்துடுப்பு. கிழக்குப் பசிபிக்கில் புயல் பருவம் மே நடுவிலிருந்து நவம்பர் முடிவு வரை. அதனால் தெற்கே போகும் பத்து நாள், பதினாறு நாள் பயணங்கள் பெரும்பாலும் நவம்பரில் தொடங்கி வசந்தகாலம் வரை நடக்கும். வாஹூவுக்கு அந்தப் பருவத்தின் முற்பகுதி, பெருஞ்சூரைக்குக் குளிர்காலத்தின் பிற்பகுதி.

எவ்வளவு பெரிய மீன் கிடைக்கும்?

200 பவுண்டைத் தாண்டிய மஞ்சள்துடுப்புதான் நெடும்பயணக்காரர்களின் கனவு. துறையில் அதைக் 'கௌ', அதாவது பசு, என்பார்கள். 300 தாண்டினால் 'சூப்பர் கௌ'. வீசன்ஹட்டரின் சாதனையை 2010 நவம்பரில் மைக் லிவிங்ஸ்டன் 'வேகபாண்ட்' கப்பலில் 405 பவுண்டு மீனோடு முறியடித்தார். 2012 செப்டம்பரில் பாஹா தீபகற்பத்தின் தென்முனையில் உள்ள காபோ சான் லூகாஸ் அருகே கை யோக்கம் 427 பவுண்டு பிடித்தார். ஐஜிஎஃப்ஏ ஒப்புக்கொண்ட எடை அது.

ஆனால் ஒரு பதினாறு நாள் பயணத்தில் ஆளுக்கொரு கௌ நிச்சயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாலு நாள் ஓடிப் போய்ச் சேர்ந்த இடத்தில் இரண்டு நாள் எதுவும் கடிக்காமல் போவது சாதாரணம். அதைத் தாங்க முடியாதவர் இந்தப் பயணத்துக்குப் பணம் கட்டக் கூடாது.

இரை பற்றி ஏன் எல்லோரும் இவ்வளவு பேசுகிறார்கள்?

ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் ராடு, ரீல் பற்றி மாதக்கணக்கில் படிப்பார்கள். அனுபவசாலி இரைத்தொட்டியின் பக்கத்தில் நிற்பார்.

புறப்படும் நாளில் சான் டியேகோ விரிகுடாவில் மிதக்கும் இரைக்கூண்டுகளில் நிறுத்தி, ஆயிரக்கணக்கில் உயிர்மத்தியைத் தொட்டிகளில் ஏற்றுவார்கள். வலையிலிருந்து நேராக வந்த மத்தி அடிபட்டு, செதில் இழந்து, இரண்டு நாளில் செத்துப்போகும். கூண்டில் சில நாள் இருந்து தேறியது நெடுநாள் தாங்கும். வழியெல்லாம் பம்பு ஓடிக்கொண்டே இருக்கும், மாலுமிகள் செத்ததைப் பொறுக்கி எடுத்துக்கொண்டே இருப்பார்கள். இரவில் கப்பல் நிற்கும்போது விளக்குப் போட்டு, சின்னத் தூண்டில்களில் அயிலை, கணவாய் பிடித்து அதையும் தொட்டியில் சேர்ப்பார்கள். தெற்குக் கடலில் விளக்குக்கு வரும் கோலாவைச் சிறுவலையால் அள்ளுவதும் உண்டு. பெருஞ்சூரைக்குக் கோலா என்றால் உயிர்.

தொட்டியிலிருந்து மத்தியை எடுக்கும்போது முதுகு பச்சையாக, செதில் முழுசாக, துள்ளிக்கொண்டிருப்பதைப் பாருங்கள். மூக்கு சிவந்ததை விட்டுவிடுங்கள். கையை நனைத்துக்கொண்டு மெல்லப் பிடிக்க வேண்டும், அழுத்தினால் அதோடு அதன் ஆயுள் முடிந்தது. மூக்கிலோ, முதுகுத் துடுப்புக்கு முன்னாலோ தூண்டில் முள்ளை மாட்டலாம். மூக்கில் மாட்டினால் நீரோட்டத்தை எதிர்த்து நிற்கும், தோளில் மாட்டினால் கப்பலைவிட்டு விலகிப் போகும். வீசி எறியாமல் கீழ்க்கையால் மெதுவாக விடுங்கள். ரீலைத் திறந்தே வைத்து, விரல் நுனியை மட்டும் நரம்பின்மேல் வைத்து, மத்தி இழுக்கும் அளவுக்கு நரம்பு கொடுக்க வேண்டும். நரம்பு இறுகினால் அது இயல்பாக நீந்தாது, சூரை அதைத் தொடாது. ஓரிரு நிமிடத்தில் சோர்ந்துவிட்டால் தயங்காமல் இரையை மாற்றுங்கள். நல்ல இரையோடு நிற்கிறவருக்கும் சோர்ந்த இரையோடு நிற்கிறவருக்கும் நாள் முடிவில் பத்துக்கு ஒன்று என்ற வித்தியாசம் வரும். இது மிகைப்படுத்தல் இல்லை.

காற்று சரியாக இருந்தால் பட்டம் பறக்கவிட்டு, அதில் நரம்பைத் தொங்கவிட்டுக் கோலாவை நீரின் மேற்பரப்பில் துள்ளவைப்பார்கள். காற்று போதாதபோது பட்டத்தோடு ஹீலியம் பலூன் கட்டுவார்கள். நரம்பு நீரில் படுவதே இல்லை என்பதால், சந்தேகக்காரப் பெரிய சூரைகூட ஏமாந்துபோகும். பெருஞ்சூரைகளில் பல இந்த முறையில் வந்தவை.

என்னென்ன கருவி வேண்டும்? எல்லாவற்றையும் வாங்க வேண்டுமா?

வேண்டாம். முதல் பயணத்துக்குத் துறையிலோ கப்பலிலோ வாடகைக்கு எடுங்கள். எட்டு நாள் பயணத்துக்கு 30, 40, 60 பவுண்டு நரம்புக்குரிய மூன்று ராடுகளும், ஒரு கனமான ராடும் போதும். தெற்கே போனால் 100, 130 பவுண்டு நரம்பும், இரண்டு வேகப் பற்சக்கரம் உள்ள ரீலும் கட்டாயம். ரீலில் பின்னல் நரம்பு, நுனியில் நீரில் கண்ணுக்கு எளிதில் தெரியாத ஃப்ளூரோகார்பன் தங்கூசி. முள் வளைந்த 'சர்க்கிள்' வகை. வாஹூவுக்குப் பல் கத்தி, அதனால் கம்பி நரம்பு தனியாக வேண்டும்.

ரீலின் பிரேக்கை நரம்பின் அறுபடும் எடையில் கால்பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில், தராசு வைத்து அளந்து பொருத்துங்கள். கையால் இழுத்துப் பார்த்து ஊகிப்பது போதாது. மற்றபடி முடிச்சு. இரண்டே இரண்டு முடிச்சுகளை வீட்டிலேயே கண்ணை மூடிக்கொண்டு போடும் அளவுக்குப் பழகிக்கொள்ளுங்கள்.

மீன் மாட்டியதும் என்ன செய்வது?

நரம்பு திடீரென்று ஓடத் தொடங்கும். உடனே வெட்டி இழுக்கக் கூடாது. சர்க்கிள் முள்ளுக்கு அது எதிரி. மீன் இரையை விழுங்கித் திரும்பும்வரை விட்டு, நெம்புகோலை மெல்லத் தள்ளிப் பிரேக்கைப் போட்டு, ரீலைச் சுற்றுங்கள். முள் தானாகவே வாயோரத்தில் ஏறிக்கொள்ளும்.

பிறகு மீன் போகும் பக்கம் நீங்கள் போக வேண்டும். நரம்பு எப்போதும் உங்களுக்கு நேரே இருக்கட்டும். கப்பலின் முன்பகுதியான அணியத்துக்கு ஓடினால் நீங்களும் அணியத்துக்கு. வழியில் இன்னொருவர் நரம்பு குறுக்கிட்டால் மேலா கீழா என்று மாலுமி சொல்வார், அவர் சொன்னபடி ராடைத் தாழ்த்தியோ உயர்த்தியோ கடந்து செல்லுங்கள். அந்த நேரத்தில் வாக்குவாதம் செய்கிறவர் மீனை இழப்பார், பக்கத்தில் இருப்பவர் மீனையும் இழக்கச் செய்வார்.

முதல் ஓட்டத்தில் இருநூறு முந்நூறு மீட்டர் போகலாம். போகட்டும். கடைசியில் கப்பலுக்கு நேர் கீழே, வட்டமடிக்கத் தொடங்கும். ஒவ்வொரு வட்டத்திலும் மீன் உங்களை நோக்கி வரும் பாதியில் இரண்டு சுற்று, மூன்று சுற்று நரம்பு எடுங்கள். விலகும் பாதியில் பிடித்துக்கொண்டு மட்டும் நில்லுங்கள். வட்டம் மணிக்கணக்கில் நீளலாம். கீழே ஆழத்தில் மங்கலாக வெள்ளி தெரிந்ததும் மாலுமிகள் நீண்ட கொக்கிக் கம்புகளோடு வந்து தலையில் மாட்டுவார்கள். உடலில் மாட்டினால் இறைச்சி வீண்.

இதற்கு நல்ல உடல்பலம் வேண்டுமே?

பலத்தைவிட நிற்கும் முறை முக்கியம். இடுப்பில் பட்டையும் முதுகில் வாரும் கட்டிக்கொண்டால் மீனின் எடையைக் கை தாங்காது, தொடையும் இடுப்பும் தாங்கும். முழங்காலைச் சற்றே மடக்கி, பின்னால் சாய்ந்து உட்காருவதுபோல் நிற்க வேண்டும். இப்போது பலர் கப்பல் விளிம்புக் கம்பிமேல் ராடைச் சாய்த்துவைத்து, நெம்புகோல்போல் இழுக்கிறார்கள். எழுபது வயதுக்காரர்கள் பெருஞ்சூரை கொண்டுவருவது இந்த முறையால்தான். ஐஜிஎஃப்ஏ விதிப்படி அப்படிப் பிடித்த மீன் சாதனைக் கணக்கில் சேராது. வேறொருவர் ராடைத் தொட்டாலும் சேராது. சாதனை வேண்டாதவருக்கு இது ஒரு பொருட்டில்லை.

பெண்கள் வருகிறார்களா என்றும் கேட்கிறார்கள். வருகிறார்கள். வாஹூவின் உலகச் சாதனையான 184 பவுண்டு, 2005இல் காபோ சான் லூகாஸில் சாரா ஹேவர்ட் பிடித்தது.

சுறா மீனைப் பறித்துவிடுமாமே?

ஆம், தெற்கே அது அன்றாடம். பிடித்திழுக்கும் சூரையைப் பாதியில் கடித்துவிடும். நரம்பு மெல்லியதாக இருந்து நேரம் நீள நீள அந்த ஆபத்து கூடும். அதனால்தான் கனமான கருவியை வலியுறுத்துகிறார்கள். சுறா தொல்லை மிஞ்சினால் தலைவர் இடத்தை மாற்றுவார், மாற்றவும் வேண்டும்.

பிடித்த மீனை எப்படிக் காக்கிறார்கள்?

இந்தக் கப்பல்களை நான் மதிக்க முக்கியமான காரணம் இது. சூரை மற்ற மீன்போல் இல்லை, உடலின் சூட்டை உள்ளேயே பிடித்துவைக்கும் இரத்தக்குழாய் வலைப்பின்னல் அதற்கு உண்டு. நெடுநேரம் போராடிய சூரையின் உட்சதை சூடேறி, வெளுத்துப் புளித்த மாதிரி ஆகிவிடும். தளத்துக்கு வந்த கணமே மூளையில் குத்திச் சாகடித்து, செவுளிலும் பக்கத்துடுப்புக்குப் பின்னாலும் கீறி இரத்தத்தை வடியவிட்டு, உறைநிலையை ஒட்டிக் குளிர்த்திய கடல்நீர்த் தொட்டியில் இறக்குவார்கள். ஒவ்வொரு மீனிலும் உங்கள் எண் பொறித்த அட்டை குத்தியிருக்கும். இந்த வேலையைச் சரியாகச் செய்யாவிட்டால் ஹிஸ்டமின் உருவாகி, சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, தலைவலியும் படபடப்பும் வரும். சமைத்தாலும் அது அழியாது. கரை சேர்ந்ததும் துறையிலேயே வெட்டி, காற்றை உறிஞ்சிய பைகளில் போட்டுத் தருவதற்கும், டப்பாவில் அடைத்துத் தருவதற்கும் ஆட்கள் உண்டு.

எத்தனை மீன் எடுக்கலாம்? விற்கலாமா?

விற்கக் கூடாது. மெக்சிகோ விதிப்படி ஒருவருக்கு ஒரு நாளில் பத்து மீன், அதில் ஒரே இனம் ஐந்துக்கு மேல் கூடாது. எத்தனை நாள் கடலில் இருந்தாலும் மூன்று நாள் அளவுக்கு மேல் கொண்டுவர முடியாது. அதாவது மஞ்சள்துடுப்பு பதினைந்து, வாஹூ பதினைந்து. டொராடோ, மார்லின் போன்றவற்றுக்கு இன்னும் குறைவு. நீலத்துடுப்புச் சூரைக்கு அமெரிக்கா தனி வரம்பு வைத்திருக்கிறது: நாளுக்கு இரண்டு. இந்த இனம் ஜப்பான் பக்கம் பிறந்து பசிபிக்கைக் கடந்து இங்கே வருவது. அளவு மீறிப் பிடித்ததால் மிக மோசமாகக் குறைந்திருந்தது, நாடுகள் சேர்ந்து கட்டுப்படுத்தியதால் இலக்கு வைத்த காலத்துக்குப் பத்தாண்டு முன்னதாகவே தேறிவிட்டது என்று 2024இல் அறிவித்தார்கள்.

வரம்பு வரை எடுத்தே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பதினைந்து சூரையை ஒரு குடும்பம் என்ன செய்யும்? உங்கள் வீட்டுக்கும் நண்பர்களுக்கும் போதும் என்று தோன்றினால் ராடை வைத்துவிட்டு, பக்கத்தில் சிக்கியிருப்பவருக்கு உதவுங்கள். மார்லினை நான் எப்போதும் விட்டுவிடச் சொல்வேன். அதை நீரிலேயே வைத்து, கப்பலோடு மெல்ல ஓட்டிச் செவுளில் நீர் பாயவிட்டு அனுப்புங்கள். மேலே தூக்கிப் படமெடுத்துவிட்டு விடுவது விடுவதாகாது. உடலில் ஒட்டுச்சீட்டு குத்திய சூரை கிடைத்தால் எண், இடம், தேதியோடு தெரிவியுங்கள். சான் டியேகோவின் லா ஹோயாவில் இருக்கும் அமெரிக்காக்களுக்கிடையிலான வெப்பமண்டலச் சூரை ஆணையம் 1950 முதல் இந்த மீன்களைக் கணக்கெடுத்து வருகிறது, ஒவ்வொரு சீட்டும் அவர்களுக்குத் தேவை.

சாப்பாடு, தூக்கம், வாந்தி?

சாப்பாடு தாராளம். சைவம் வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே எழுதிக்கொடுங்கள், செய்து தருவார்கள். ஊறுகாயும் பருப்புப்பொடியும் நீங்கள் கொண்டுபோக வேண்டும். இருவர் அல்லது மூவருக்கு ஒரு சிறு அறை. வாந்திக்கு மருந்தைக் கப்பல் ஏறும் முந்தைய இரவே தொடங்குங்கள், தலை சுற்றிய பிறகு போட்டால் பயனில்லை. முதல் இரண்டு நாள் கழிந்தால் பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும்.

இதயநோய், சர்க்கரை உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டே வர வேண்டும். ஹரிக்கேன் பேங்கில் இருக்கும்போது நெஞ்சுவலி வந்தால் மருத்துவமனை நாள் கணக்கில் தூரம். மருந்தை இரண்டு பங்காக எடுத்து, இரண்டு பைகளில் வையுங்கள்.

செலவும் ஆவணங்களும்?

நாளுக்குச் சில நூறு டாலர் என்று கணக்கிடுங்கள். கருவி வாடகை, மாலுமிகளுக்கு அன்பளிப்பு, மீன் வெட்டும் கூலி தனி. மெக்சிகோ மீன்பிடி உரிமங்களைக் கப்பல் அலுவலகமே ஏற்பாடு செய்யும்.

கடவுச்சீட்டு கட்டாயம். நம்மவர்கள் கவனிக்க வேண்டியது விசா. கப்பல் வேறு நாட்டு நீருக்குள் போய்த் திரும்புகிறது. அமெரிக்கக் குடியுரிமையோ பச்சை அட்டையோ இல்லாதவர்கள், கடவுச்சீட்டில் உள்ள விசா முத்திரை காலாவதியாகியிருந்தால், முன்பணம் கட்டுவதற்கு முன்னால் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் பேசிவிடுங்கள்.

முதன்முறை எங்கே தொடங்குவது?

ஒன்றரை நாள் பயணம். சான் டியேகோவிலிருந்து கோடையில் தினமும் கிளம்பும். உயிர்மத்தியைக் கையாளவும், கூட்டத்தில் நரம்பு சிக்காமல் நடக்கவும், கடல் உங்கள் வயிற்றை என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளவும் அது போதும். அடுத்த ஆண்டு ஐந்து நாள், பிறகு எட்டு நாள். பதினாறு நாள் பயணத்தை முதல் பயணமாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

கப்பலைத் தேர்ந்தெடுக்க ஒரு வழி உண்டு. நெடும்பயணம் முடித்த கப்பல் துறைக்கு வரும் காலையில் அங்கே போய் நில்லுங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள். மீன் எவ்வளவு என்பதைவிட அது எப்படி இருக்கிறது என்று பாருங்கள்: கண் தெளிவாக, உடல் விறைப்பாக, இரத்தக்கறை இல்லாமல் இருக்கிறதா? இறங்குகிறவர்களிடம், எதுவும் கடிக்காத நாட்களில் மாலுமிகள் எப்படி நடந்துகொண்டார்கள் என்று கேளுங்கள். புதியவர் ஒருவருக்குப் பொறுமையாக முடிச்சுப் போட்டுக்கொடுத்தார்கள் என்று இரண்டு பேர் சொன்னால் அந்தக் கப்பலில் பெயர் கொடுக்கலாம்.